முன்பின் தெரியாதவரும் உங்கள் பொருளை வாங்க வேண்டுமா? பாக்கெட்டைச் சரிசெய்யும் வழி

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், தாராவி என்று மும்பையில் நம்மவர்கள் இருக்கும் எந்தப் பக்கம் போனாலும் அருமையாகப் பொடி அரைக்கிறவர்களும் முறுக்கு சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். சரக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் பலருடைய வியாபாரம் கோயிலில் பழக்கமானவர்கள், பில்டிங் வாட்ஸ்அப் குழு, அக்காவின் ஆபீஸ் தோழிகள் என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த வட்டத்தில் இருப்பவர்கள் உங்களைத் தெரிந்து வாங்குகிறார்கள், பாக்கெட் எப்படி இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கடைக்குப் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே நிற்கிற குஜராத்தி அம்மாவுக்கோ மராத்தி இளைஞருக்கோ உங்களையும் தெரியாது, உங்கள் பொடியையும் தெரியாது, அவர்கள் கையில் இருப்பது பாக்கெட் மட்டும்தான். அப்படி முன்பின் தெரியாதவரை மனதில் வைத்து பாக்கெட் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். லேபிளும் பாக்கெட்டும் டிசைன் செய்வது என் தொழில், அதிலும் சிறிய தயாரிப்பாளர்களோடுதான் அதிகம் வேலை. பொடி, வற்றல், முறுக்கு, காபி என்று சாப்பாட்டுச் சாமான்களை வைத்தே சொல்கிறேன். சோப்பு, ஊதுவத்தி விற்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் உள்ளே இருப்பது கெடக்கூடாது

பெரும்பாலானவர்கள் லோகோவிலும் நிறத்திலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து, உங்கள் பொருள் எதனால் கெடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முறுக்கு, தட்டை, சீடைக்கு ஈரம்தான் எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, சீல் சரியில்லாத பாக்கெட்டில் போட்ட தட்டை சீக்கிரமே நமுத்துப் போய்விடும். எண்ணெயில் பொரித்தது என்பதால் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால் சிக்கு வாடையும் வந்துவிடும். பொடி வகைகளுக்கு வெளிச்சம் ஆகாது, மஞ்சளும் மிளகாயும் நிறம் வெளுத்துவிடும். காபி இன்னொரு விதம்: வறுத்த கொட்டையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வந்துகொண்டே இருக்கும், வறுத்த உடனே இறுக்கமாக அடைத்தால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். அதனால்தான் நல்ல காபிப் பைகளில் சின்ன வட்டமாக ஒருவழி வால்வு வைக்கிறார்கள், உள்ளிருக்கும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

சாதாரண பாலித்தீன் கவர் ஈரத்தை ஓரளவு தடுக்கும், ஆக்சிஜனையும் மணத்தையும் தடுக்காது. பொடியின் வாசனை அலமாரி முழுக்க வருகிறதென்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை, நீங்கள் வறுத்து அரைத்த மணம் பாக்கெட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மெட்டலைஸ்டு பாலியஸ்டர் லேயர் உள்ள பவுச் இதற்கு நன்றாகத் தாங்கும், அலுமினிய ஃபாயில் லேயர் உள்ளது இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். மஸ்ஜித் பந்தர், கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் ரெடிமேட் பவுச் வாங்கப் போனால் சைஸை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், என்னென்ன லேயர், தடிமன் மொத்தம் எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

அப்புறம் சோதனை. பொடியை நிரப்பி, சீல் போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் சீல் ஓட்டை. பொடி விற்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நிரப்பும்போது வாய்ப்பகுதியில் ஒட்டுகிற தூளும் எண்ணெயும் சீல் சரியாகப் பிடிக்க விடாது. நீளமான புனல் வைத்து நிரப்பி, வாயைத் துடைத்துவிட்டு சீல் போடுங்கள். அதே மாதிரி, மூன்று மாதம் தாங்கும் என்று போடப் போகிறீர்கள் என்றால் சில பாக்கெட்டுகளை மூன்று மாதம் வீட்டில் வைத்து, இடையிடையே ஒன்றைப் பிரித்து ருசி பாருங்கள். முறையாகச் சோதித்து அறிக்கை வேண்டுமென்றால் அந்தேரியில் இந்தியப் பேக்கேஜிங் கழகம் இருக்கிறது, 1966ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், பேக்கேஜிங் பொருள்களுக்குப் பரிசோதனைக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி மாதிரி ஜன்னல் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முறுக்கு மாதிரி பார்க்க அழகானதுக்கு வைக்கலாம், அளவாக, வேகமாக விற்றுப்போகிற சரக்காக இருந்தால். பொடிக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெளிச்சம் பட்டு நிறம் போவது ஒரு பக்கம், தெரியாதவர் கண்ணுக்கு எல்லாப் பொடியும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும், அதைக் காட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை.

கடையில் போய் நின்று பாருங்கள்

டிசைனருக்கு போன் போடுவதற்கு முன்னால், பாக்கெட் எங்கே விற்கப் போகிறதோ அந்தக் கடைக்குப் போங்கள். மும்பைக் கிரானா கடையில் வாடிக்கையாளர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பார், பாக்கெட் அந்தப் பக்கம் நாலைந்து அடி தள்ளி, பாதி மறைந்து, சில சமயம் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே உங்கள் லேபிளின் சின்ன எழுத்து எதுவும் வேலைக்கு ஆகாது. நிறம், ஒரு பெரிய பெயர், ஒரு படம், இவ்வளவுதான் கண்ணில் படும். கூடவே, அவர் கடைக்காரரிடம் வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெயர் அவர் வாயில் நுழையாவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டுப் பக்கத்தில் இருப்பதைக் காட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் பிராண்ட் பெயரில் ழ இருந்தால், தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் சொல்கிற விதம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், அதனால் பின்பக்கமும் பேசும். பிளிங்கிட், செப்டோ மாதிரி செயலிகளில் பாக்கெட் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. டிசைனர் அனுப்பிய படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, என்ன பொருள் என்று தெரிகிறதா பாருங்கள். லேப்டாப் திரையில் பெரிதாகப் பார்த்து மயங்கி ஓகே சொல்லிவிட்டு, பிறகு வருத்தப்படுபவர்கள் அதிகம்.

அலமாரியை நேராக நின்று ஒரு போட்டோ எடுங்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. மசாலா வரிசையில் சிவப்பும் மஞ்சளும்தான் நிறைந்திருக்கும், காபி வரிசையில் பழுப்பும் பச்சையும். உங்கள் மாதிரி பாக்கெட்டைச் சாதா பிரிண்ட் எடுத்து மடித்து, அந்த வரிசையில் உண்மையாகவே வைத்து இன்னொரு போட்டோ எடுங்கள். காணாமல் போகிறதா, கண்ணில் படுகிறதா என்று அப்போது தெரியும். தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாம்பார் பொடிக்கு நீல நிறம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, வாங்குகிறவர் துணி துவைக்கும் பவுடர் என்று நினைத்துவிட்டால் அவ்வளவுதான். அடிநிறத்தை வகைக்குப் பொருந்த வைத்துக்கொண்டு, ஒரு அழுத்தமான பட்டை, ஒரு உருவம், எழுத்தின் அமைப்பு, இவற்றில் வித்தியாசம் காட்டுங்கள்.

நிறத்தைவிட வடிவம் ஆழமாக மனதில் பதியும். 1915ல் கோகோ-கோலா பாட்டில் செய்யச் சொன்னபோது, இருட்டில் தொட்டாலே, ஏன் உடைந்து கிடந்தால்கூட, இது அந்த பாட்டில்தான் என்று தெரிய வேண்டும் என்பதுதான் கேட்ட விஷயம். நமக்கு அச்சு வார்க்கிற வசதி இல்லை, ஆனால் உயரமான குறுகிய பவுச்சா, சதுரமான டப்பாவா என்பதைத் தேர்ந்தெடுக்கிற வசதி இருக்கிறது. சைஸ் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் உலகத்துக்கே காட்டியிருக்கிறார்கள்: கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னச் சாஷேயில் அடைத்தார், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் தொடங்கிய சிக் ஷாம்பூ அந்த வழியில்தான் கிராமம் கிராமமாகப் போனது. பாட்டில் வாங்கத் தயங்கியவர்கள் சாஷே வாங்கினார்கள். உங்கள் பொடியை ஒருமுறைகூடச் சாப்பிட்டிராத ஒருவரை 500 கிராம் வாங்கச் சொல்வது நியாயமில்லை. 50 கிராம் பாக்கெட் ஒன்று கட்டாயம் போடுங்கள், லாபம் குறைவாக இருந்தாலும்.

முன்பக்கம்: குறைவாக எழுதுங்கள்

தெரியாதவர் மனதில் ஓடுவது: இது என்ன, எதோடு சாப்பிடுவது, நம்பி வாங்கலாமா. முன்பக்கத்தில் இதற்குப் பதில் இருந்தால் போதும். இட்லிப் பொடி என்றால் இட்லியும் பொடியும் எண்ணெயும் இருக்கும் தட்டின் படத்தைப் போடுங்கள். பருப்புப் பொடி என்றால் சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைவது தெரிய வேண்டும். உங்களுக்கு இது சொல்லவே தேவையில்லாத விஷயம், காட்கோபரில் இருக்கும் ஒருவருக்கு இதுதான் பெரிய தடை. பின்பக்கத்தில் இரண்டு வரியில் செய்முறையும் கொடுங்கள்: ஒரு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், குழைத்துத் தொட்டுக்கொள்ளவும். நல்லெண்ணெய் அவர் வீட்டில் இருக்காது, நெய்யும் போடலாம் என்று சேர்த்து எழுதுங்கள்.

கோபுரம், வாழையிலை, கோலம், கதகளி முகம் எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் திணிக்காதீர்கள். மும்பையில் தென்னிந்தியச் சாமான் என்றாலே இந்தப் படங்கள்தான் வருகின்றன, எல்லாரும் போடுவதால் எந்த பாக்கெட் யாருடையது என்றே தெரிவதில்லை. உங்கள் பொடி திருநெல்வேலிப் பக்கத்துப் பக்குவமா, தஞ்சாவூர்ப் பக்குவமா, பாலக்காட்டுப் பக்குவமா? அந்த ஒரு ஊரைத் தெளிவாகச் சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால்.

இனி தமிழ் எழுத்து. இதில் எனக்குக் கோபமே வரும். மும்பை டிசைனர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழை அப்படியே எடுத்து மென்பொருளில் ஒட்டுவார்கள், அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் எழுத்து உடைந்துவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி தனியாக நிற்கும், ‘கொழுக்கட்டை’ படிக்கவே முடியாமல் போகும். அவர்கள் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது, அச்சாகி வந்த பிறகு நம் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் பெயரையும் மற்ற வரிகளையும் போனில் தட்டி அனுப்புவதோடு, ஒரு படமாகவும் அனுப்புங்கள், இப்படித்தான் வர வேண்டும் என்று. இறுதி ஃபைலில் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன், அதாவது எழுத்தாக இல்லாமல் வரைந்த உருவமாக) மாற்றித் தரச் சொல்லுங்கள், அச்சகத்தின் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் மாறாது. ஒவ்வொரு தமிழ் வரியையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, வீட்டில் நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள். ண, ணை, ஞ மாதிரி எழுத்துகளின் உள்ளே இருக்கிற இடைவெளி சின்ன அளவில் மை நிறைந்து அடைத்துக்கொள்ளும், ஆகவே ஆங்கில எழுத்துக்கு வைக்கிற அளவைவிடத் தமிழுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைக்க வேண்டும்.

பின்பக்கம்: சட்டம் கேட்பது

இதை டிசைன் முடிந்த பிறகு மீதி இடத்தில் திணிக்கிற வேலையாகப் பார்க்காதீர்கள். தெரியாதவர் நம்புவதற்கு இதுதான் முதல் ஆதாரம், சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் ஆளும் பாக்கெட்டைத் திருப்பி முதலில் இதைத்தான் பார்ப்பார். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளும், எடையளவுத் துறையின் 2011ஆம் ஆண்டு பொதிப்பொருள் விதிகளும் பொருந்தும். பொருளின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், சைவச் சின்னம், ஆணையத்தின் லோகோவுடன் 14 இலக்க உரிம எண், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்ல போன் எண்ணும் மின்னஞ்சலும். இவை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழில் கூடுதலாகப் போடலாம், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். பொடி செய்பவர்கள் பலர் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது: கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாமை அறிவிப்பில் வருகிற பொருள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, இருந்தால் உங்கள் லேபிளிலும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவருடைய உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். காபியில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் காபி, எத்தனை சதவீதம் சிக்கரி என்பதையும் போட்டாக வேண்டும். மாட்டுங்காவில் காபிப்பொடி வாங்குகிறவர் அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார், முன்பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள்.

எடையோடு ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் இப்போது அச்சிட வேண்டும். 200 கிராம் பாக்கெட் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 60 பைசா. ‘சுத்தமான’, ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’ மாதிரிச் சொற்களை நினைத்தபடி போட முடியாது, 2018ல் வந்த விளம்பர விதிகளில் இவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. எதைப் போடலாம் என்று உரிமம் வாங்கித் தருகிற ஆலோசகரிடம் அச்சுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பார்கோடு வாங்க ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்ய வேண்டும், இந்திய எண்கள் 890 என்று தொடங்கும். கோடுகளைச் சிவப்பில் போடாதீர்கள், ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடு தெரியாது. வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான். பவுச்சின் மடிப்பிலோ வளைவிலோ வராதபடி பாருங்கள்.

அச்சுக்குப் போகும்போது

பிராண்ட் தொடங்கிய உடனே கிரேவியர் அச்சுக்கு, அதாவது சிலிண்டரில் செதுக்கி ரோல் ரோலாக பவுச் ஃபிலிம் அச்சடிக்கிற முறைக்கு, போக வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், செலவு முதலிலேயே இறங்கும், குறைந்தபட்ச ஆர்டரும் பெரியது. முகவரியோ விலையோ மாறினால் மீதி ரோல் முழுக்க வீண். ஆரம்பத்தில் நல்ல சாதா பவுச்சில் நல்ல ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சாதாக் காகித ஸ்டிக்கர் எண்ணெய் பட்டால் கறை படியும், லேமினேஷன் போட்டதோ பிளாஸ்டிக் ஃபிலிம் ஸ்டிக்கரோ கேளுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் முத்திரை குத்துகிற இடத்தில் மட்டும் லேமினேஷன் இல்லாமல் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மை விரலோடு வந்துவிடும். விற்பனை நிலைப்பட்ட பிறகு டிஜிட்டல் அச்சு, அதற்கப்புறம் சிலிண்டர்.

மெட்டலைஸ்டு ஃபிலிமிலோ கண்ணாடி மாதிரி பவுச்சிலோ நேராக அச்சடிக்கும்போது அடியில் வெள்ளை மை போட வேண்டும், போடாவிட்டால் மஞ்சள் மங்கலாகவும் சிவப்பு பழுப்பாகவும் வரும். திரையில் பார்க்கிற நிறம் அச்சில் அப்படியே வராது, அதனால் உண்மையான பவுச் ஃபிலிமிலேயே ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, டியூப் லைட்டிலும் வெயிலிலும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயரைப் பதிவு செய்வதை டிசைனோடு சேர்த்தே செய்யுங்கள். மசாலா, காபி, மாவுப் பலகாரங்கள் 30ஆம் வகுப்பில் வரும், அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று டிரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிவுச் சான்றிதழ் வருவதற்கு முன் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது குற்றம், ‘டிஎம்’ போடலாம். வைல் பார்லேயில் பிறந்த பிஸ்கெட்டுக்கே இந்தத் தலைவலி வந்திருக்கிறது: குளுக்கோ என்ற பெயரில் ஆளாளுக்கு பிஸ்கெட் போட ஆரம்பித்ததால், 1980களில் அது பார்லே-ஜி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பொருளின் பொதுப்பெயரையே பிராண்ட் பெயராக வைத்தால் நாளைக்கு அதை உங்களுடையது என்று சொல்ல முடியாது.

விற்க ஆரம்பித்த பிறகு டிசைனை அடிக்கடி மாற்றாதீர்கள். உங்களுக்குச் சலித்துப் போகும், வாடிக்கையாளர் அப்போதுதான் அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியிருப்பார். 2009ல் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ், ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் படத்தைப் போட்டது, வழக்கமாக வாங்கியவர்களுக்கே அலமாரியில் அது தெரியவில்லை, விற்பனை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது, சில வாரங்களிலேயே பழைய டப்பாவுக்குத் திரும்பினார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுங்கள், நிறத்தையும் முக்கியப் படத்தையும் கடைசியாகத் தொடுங்கள். புதுசு வந்த முதல் மாதம் கடைக்காரரிடம், யாராவது பழைய பாக்கெட்டைக் கேட்டார்களா, யாராவது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்களா, என்ன சொல்லி வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அச்சுக்கு டிசைனரிடம் கொடுக்க வேண்டியது அந்தத் தாள்தான்.